தாகத்தின் உரிமையும் குளத்தின் நியாயமும்

நீர் இயற்கையின் கொடை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயின் அக்கொடை மண்ணில் வீழ்ந்து, ஆறாய் ஓடி, மனிதன் எழுப்பிய அணையொன்றின் பின்னே தங்கி நின்றதும், அது யாருக்குரியது என்னும் வினா எழுந்துவிடுகின்றது. மழையைப் பெய்வித்தோர் எவருமிலர். ஆனால் அணையைக் கட்டியோர் உளர். அணையின் கீழ் விதைப்போர் உளர். நெடுந்தொலைவில் உவர்க்கிணற்றின் அருகே குடத்துடன் நிற்போரும் உளர். இவர்களுள் யாருடைய உரிமை முற்பட்டது? குளம் அரசுக்குரியது என்று சட்டம் சுருக்கமாக விடை கூறிவிடும். சட்டத்தின் விடையோடு அறத்தின் வினா அடங்கிவிடுவதில்லை என்பதற்கு, வன்னியின் இரணைமடுக் குளமும் அதனைச் சூழ்ந்து வாழும் கமக்காரச் சமூகமும் தக்க சான்றாகும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடு, வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் அமைக்கப்பெற்ற இக்குளம், பின்னர் பன்முறை கட்டு உயர்த்தப்பட்டு, 1970களில் நடைபெற்ற வேலைகளோடு ஒரு இலட்சம் ஏக்கரடிக்கு மேற்பட்ட நீரைத் தாங்கும் நிலையை எய்தியது. அதன் வாய்க்கால்களின் கீழ் இருபதினாயிரம் ஏக்கரளவில் வயல் உண்டு. காலபோகத்துக்கு மழையும் குளமும் சேர்ந்து உதவும். சிறுபோகத்துக்குக் குளமொன்றே கதி. அவ்வயல்களிற் பெரும்பாலானவை ஒரு காலத்திற் காடாய்க் கிடந்த நிலம். குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி, காய்ச்சலோடும் யானையோடும் போராடி, அந்நிலத்தை வயலாக்கின. எனவே குளத்தருகே வாழ்வோருக்கும் குடாநாட்டில் தண்ணீர் வேண்டி நிற்போருக்குமிடையே உள்ள உறவு அயலார் உறவன்று. ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையிலான வழக்கு இது. அதனாலேயே இதன் அறச்சிக்கல் ஆழமானது.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. கிணறு தோண்டுவோர் அப்படையிலிருந்தே அள்ளுகின்றனர். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழிருந்து உவர் மேலேறும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கசியும் நைத்திரேற்று வேறு. இந்நிலையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் 2010 இல் அங்கீகரிக்கப்பட்டது. இரணைமடுவின் கட்டைச் சீர்செய்து உயர்த்தி, கூடுதலாகத் தேங்கும் நீரைக் குழாய் வழியே ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வது அதன் கருத்து. கமக்காரர் எதிர்த்தனர். தமக்கே சிறுபோகத்துக்குப் போதாத நீர் எவ்வாறு பிறர்க்குப் போதும் என்பது அவர்களது கேள்வி. ஈற்றில் அக்குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் கைவிடப்பட்டு, கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்று வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது.

தாகத்தோடிருப்போர் இலட்சக்கணக்கினர், குளத்தை நம்பி விதைப்போர் சில ஆயிரவர். ஒருவருக்குக் குடிநீர் உயிரின் தேவை; மற்றவருக்கு இரண்டாம் போகம் வருமானத்தின் தேவை. பென்தம் வகுத்த பயன்பாட்டுவாதத்தின் தராசில் இவ்விரண்டையும் இட்டால் முள் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிக தொகையினரின் அதிக நன்மையே அறம் எனின், கமக்காரரின் மறுப்பு வெறும் சுயநலமாகவே தோன்றும். அவ்வாறே அன்று பலர் கூறினர். ஆனால் இத்தராசு இதற்குமுன் வேறோரிடத்திற் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கு நிகழ்ந்ததை அறிந்தபின் அதனை அத்துணை எளிதாக நம்புதல் இயலாது.

பிரித்தானியாவின் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டில், திரவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில், கப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. சில கமங்கள், ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, ஒரு தபாலகம். ஊரவர் பேசியது வேல்ஸ் மொழி. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட ஆங்கில நகராகிய லிவர்பூல் தன் நீர்த்தேவைக்காக அப்பள்ளத்தாக்கைத் தெரிந்தெடுத்தது. 1956 இல் ஊர்மக்கள் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் சென்று தம் வீடுகளை விட்டுவைக்குமாறு வேண்டினர். மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் நகரசபையின் மசோதாவைச் சட்டமாக்கியது. வேல்சின் 36 பாராளுமன்ற உறுப்பினர்களுள் ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. உள்ளூர் அதிகாரசபைகளின் இசைவைப் பெறவேண்டிய தேவையையும் அச்சட்டம் இல்லாமற் செய்துவிட்டது. 1965 இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 800 ஏக்கர் நிலம் நீரில் மூழ்கியிருந்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேருள் 48 பேர் வீடிழந்தனர். எதிர்ப்பாளரின் கூச்சலினால் திறப்புவிழா சில நிமிடங்களில் முடிந்ததென்பர். நாற்பது ஆண்டுகளின் பின், 2005 இல், லிவர்பூல் நகரசபை தன் செயலுக்கு மன்னிப்புக் கோரியது.

நாற்பத்தெட்டுப் பேர் ஒருபுறம், ஏழு இலட்சம் பேர் மறுபுறம். கணக்கின்படி இதனினும் தெளிவான வழக்கு இருக்க முடியாது. ஆயினும் வெற்றி பெற்றவரே பின்னர் மன்னிப்புக் கேட்டனர். எதற்காக? நீர் தேவைப்பட்டமைக்காக அன்று, தேவை மெய்யானதே. அத்தேவையுள் நகரின் ஆலைகளுக்கு வேண்டிய நீரும் அடங்கியிருந்தது என்பதையும், தாகம் என்ற ஒரு சொல்லின் கீழ் எல்லாவற்றையும் மறைத்தல் முறையன்று என்பதையும் அன்றே எதிர்த்தோர் சுட்டிக்காட்டினர். ஆனால் அவமதிப்பு வேறிடத்தில் இருந்தது. கொடுக்க வேண்டியவனிடம் கேளாமல், அவன் மறுத்தாலும் மறுப்புக்கு மதிப்பில்லாத வகையில் எடுத்துக்கொண்டமையே குற்றம். இமானுவேல் கான்டின் மொழியிற் கூறின், அவ்வூரவர் பிறரது நோக்கத்துக்குக் கருவியாக மட்டும் கொள்ளப்பட்டனர். தொகையைக் கூட்டிக் கழிக்கும் தராசு இந்த இழப்பை நிறுக்க அறியாது. நிறுக்கப்படாதது இல்லாததாகிவிடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரணைமடு கப்பெல் கெலின் அன்று. இங்கு எவருடைய வீடும் மூழ்கவிருக்கவில்லை; கேட்டவர் வேற்றுமொழி பேசும் அந்நியருமல்லர். குளக்கட்டின் கீழுள்ள கமக்காரரை வேல்சு ஊரவரோடு ஒப்பிட்டு அவர்களது மறுப்பை முற்றாக நியாயப்படுத்துவது மலிவான வாதமாகும். ஒப்புமை ஓரிடத்தில் மட்டுமே பொருந்தும்: தேவையின் பெருமை கேட்பதற்கு உரிமை தருகின்றதா, எடுப்பதற்கே உரிமை தருகின்றதா என்னும் இடத்தில்.

கேட்பவரின் தகுதியையும் நோக்க வேண்டும். ஓடும் ஊற்றின் நீர் எல்லோருக்கும் பொது, ஆயின் அள்ளியவனின் குடத்துள் வந்த நீர் அவனுடையது என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஜோன் லொக் கூறிய கருத்து. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் லொக்கைப் படித்தவனல்லன். எனினும் அவனது கிணறு அத்தத்துவத்தின் மேலேயே நின்றது. என் வளவு, என் கிணறு, என் நீர். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் அத்தத்துவம் பெருந்தீங்கு செய்யவில்லை. ஒரு நாளில் மனித உடம்பு எவ்வளவு மிதித்து இறைக்க முடியுமோ அவ்வளவே நிலத்தடியிலிருந்து மேலே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் உடம்பின் எல்லை நீங்கிற்று. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செழித்தன, பணம் வந்தது, பிள்ளைகள் படித்தனர், நீர் உவர்ந்தது. தன் வளவின் அடியிலுள்ள நீர் அடுத்த வளவின் அடியிலும் உள்ள அதே நீர் என்பதைக் குடாநாடு காலந்தாழ்த்தியே உணர்ந்தது. தானே கெடுத்துக்கொண்ட கிணற்றுக்கு ஈடாகப் பிறர் குளத்தை வேண்டுவது நியாயமா என்று கிளிநொச்சியில் ஒருவர் கேட்டால், அவரை எளிதில் வாயடைத்துவிட முடியாது.

இதனினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. தாகம் எல்லா உரிமைகளுக்கும் மேலானது என்று இன்று முழங்கும் அதே சமூகத்தில், ஊர்க்கிணற்றில் வாளி போடும் உரிமை ஒரு பகுதியினருக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டிருந்தது. கிணற்றடியிற் குடத்தை வைத்துவிட்டு, உயர்சாதியினர் எவராவது வந்து அள்ளி வார்க்கும்வரை வெயிலிற் காத்து நின்றவர்களின் தாகம் அப்போது எவருடைய அறநூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. தண்ணீர்ப்பந்தல் வைப்பதைப் புண்ணியமாகக் கருதிய ஊர்களே அவையும். பந்தலில் வார்ப்பது கொடை. கிணற்றில் அள்ள விடுவது உரிமை. கொடைக்கு இசைந்தவர் உரிமைக்கு இசையவில்லை. இதனை இங்கு நினைவூட்டுவது குடாநாட்டின் தேவையைப் பொய்யாக்குவதற்கன்று. உவர்நீரைக் குடிப்போருள் மிகுதியானோர் இயந்திரம் வைத்து இறைத்துப் பொருளீட்டியோருமல்லர். தீவகத்திலும் கரையோரங்களிலும் பவுசர் வரும்வரை காத்திருக்கும் பெண்களும், கிணறு தோண்டக் காணியில்லாதவர்களுமே தாகத்தின் முழுச்சுமையையும் தாங்குகின்றனர். முன்னோர் செய்த பிழைக்காக அவர்களது குடத்தை வெறுமையாக்குவது எவ்வகை நீதியுமன்று. ஆயின் பழைய கணக்கை மறந்துவிட்டுக் கேட்பவனுக்கும் நினைவிற் கொண்டு கேட்பவனுக்கும் குரலிலேனும் வேறுபாடு இருத்தல் வேண்டும்.

இனிக் குளத்தருகே வாழ்வோரின் பக்கம். தாம் அக்குளத்தின் உடைமையாளர் என்று அவர்கள் வாதிடின் அவ்வாதம் நில்லாது. கட்டை எழுப்பியது பொதுப்பணம். நீர் வருவது முல்லைத்தீவு, வவுனியாக் காடுகளினூடாக. அவர்களது உண்மையான நியாயம் உடைமையில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. ஒவ்வோராண்டும் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்திருந்து தீர்மானிக்கப்படுகின்றது. நீர் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். நிலத்தின் ஒரு பகுதியே விதைக்கப்படும். வாய்க்கால் நுனியிலுள்ளவனுக்கும் கடையிலுள்ளவனுக்கும் இடையே சண்டை இல்லாமலில்லை. இரவில் மதகைத் திறந்துவிடுவோர் எல்லாக் குளத்தின் கீழும் இருக்கின்றனர். எனினும் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு முறை அங்கே உயிரோடு இருக்கின்றது. எந்தப் பல்கலைக்கழகத்து ஒழுக்கவியல் வகுப்பிலும் இதனினும் தெளிவாகப் பங்கீட்டு நீதியைக் கற்க முடியுமா என்பது ஐயமே.

இவ்விடத்திற் சிறு கணக்கொன்று பயன்படும். தாளையடி நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அதே அளவு நீரைக் குளத்திலிருந்து எடுத்தால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7,000 ஏக்கரடி வரும். ஏக்கர் ஒன்றின் சிறுபோகத்துக்கு நாலைந்து ஏக்கரடி நீர் செல்லுமெனக் கொண்டால், இது ஏறத்தாழ 1,500 ஏக்கர் வயலின் நீர். நிறைந்த குளத்தில் இது பதினான்கில் ஒரு பங்குதான். நல்ல ஆண்டில் இதனை மறுப்பது கஞ்சத்தனம் என்றே கூறலாம். சிக்கல் வரட்சி ஆண்டில். வயல் சுருங்கும், தாகம் சுருங்காது. குழாயில் ஒருமுறை நீர் ஓடத் தொடங்கிவிட்டால், மழை பொய்த்த ஆண்டிலும் நகரின் பங்கு அப்படியே இருக்க, குறைவு முழுவதும் வயலின் மேலேயே விழும். அதுவரை எல்லோரும் சேர்ந்து சுருங்கிய முறைக்குள், சுருங்காத ஒரு பங்காளி வந்து அமர்கின்றான். கமக்காரர் அஞ்சியது இதற்கே. அவ்வச்சத்தைச் சுயநலம் என்பது பொருந்தாது. வரட்சி ஆண்டின் இழப்பை யார் ஈடுசெய்வர், எவ்வாறு, எந்த எழுத்தின்படி என்பதே அங்கு பேசப்பட்டிருக்க வேண்டிய பொருள்.

அதனைப் பேசுவதற்குரிய காலமும் அதுவன்று. 2009 ஜனவரியிற் கிளிநொச்சி வீழ்ந்தது. அதற்கு முன்னரே மக்கள் குளத்தையும் வயலையும் விட்டுக் கிழக்கே ஓடிவிட்டனர். முகாம்களிலிருந்து அவர்கள் மீளக்குடியமரத் தொடங்கியது அவ்வாண்டின் இறுதியிலேதான். கூரையில்லாத வீட்டில் தறப்பாளின் கீழ் இருந்து, காணாமற் போனவரைத் தேடிக்கொண்டு, கடன்பட்ட விதைநெல்லை விதைத்துக்கொண்டிருந்தவரை நோக்கி, அடுத்த ஆண்டிலேயே அவர்களது குளத்தில் ஒரு பங்கு திட்டமிடப்பட்டது. கட்டு உயர்த்தப்படும், உங்கள் நீர் குறையாது என்ற உறுதி பொறியியலளவில் மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆயின் எல்லா உறுதிமொழிகளும் பொய்த்துப்போன ஒரு காலத்திலிருந்து வந்தவன் கைம்மாற்றாக எதைப் பற்றிக்கொள்வான்? குளக்கட்டும் நீர்மட்ட அளவுகோலும் மாத்திரமே அவன் கண்ணாற் காணக்கூடியனவாயிருந்தன. இசைவு என்பது கையொப்பமன்று. மறுத்தாலும் தனக்குத் தீங்கு நேராது என்று அறிந்தவன் மட்டுமே மெய்யாக இசைய முடியும்.

இவ்வளவு கூறியபின், குளத்தருகே உள்ள சமூகம் என்ற சொல்லையும் விசாரிக்காமல் விட முடியாது. குளம் எங்களுடையது என்னும் போது அந்த எங்களுள் யார் அடங்குவர்? 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல கிளிநொச்சியிற் குடியேறின. அவர்களுட் பலருக்கு மேட்டுநிலமும் குடிசையும் கிடைத்தன. வாய்க்காலின் கீழ் வயல் கிடைக்கவில்லை. நாற்று நட்டும் களை பிடுங்கியும் அருவி வெட்டியும் பிறர் வயலில் வாழும் இவர்களுக்குக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் கதிரையில்லை. குளத்தின் வான் பாய்வதை வாசலிலிருந்து காணும் இக்குடும்பங்களின் கிணறு கோடையில் வற்றுகின்றது. குடாநாட்டானை நோக்கி நீ கேட்காமல் எடுக்கலாமா என்று வினவிய கமக்காரன், தன் வரம்பில் நிற்பவள் கேட்டபோது என்ன விடை கூறினான் என்பதும் அதே வழக்கின் பகுதியாகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியின் வரலாறு ஆனையிறவைக் கடந்து வரவில்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

நீர் வீணே கடலுக்குப் போகின்றது, அதை எடுத்தால் யாருக்கு நட்டம் என்ற வாதமும் அடிக்கடி கேட்பதுண்டு. மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியை நோக்கி விரைகின்றது. அக்கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சி வரை கொண்டுசெல்லலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே திட்டம் வகுத்தார். ஒரு பகுதி வேலை நடந்தது, இணைப்பு வாய்க்கால் முடிவுறவில்லை. இத்திட்டம் கமக்காரரின் பங்கிற் கைவைக்காதது என்ற வகையில் அறத்தளவில் மேம்பட்டதே. ஆனால் வீண் என்ற சொல் கவனத்துக்குரியது. கடனீரேரியில் இறால் பிடிப்பவனுக்கு அந்நீர் வீணன்று. மேலும், 2018 டிசெம்பரில் பெருமழையின் போது கதவுகள் திறக்கப்பட்டு வீடும் வயலும் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, அந்த மிகைநீரின் விலையைச் செலுத்தியோர் கட்டின் கீழ் வாழ்ந்தோரே. குளத்தின் பயனிற் பங்கு கேட்போர் அதன் அபாயத்திற் பங்கு கேட்டதாகச் செய்தியில்லை.

கடல்நீர்த் திட்டத்தோடு வழக்கு முடிந்துவிட்டதாகப் பலர் கருதினர். ஒருவகையில் அஃது உண்மை. கமக்காரரின் மறுப்பு மதிக்கப்பட்டது. கப்பெல் கெலினில் நிகழ்ந்தது இங்கு நிகழவில்லை. ஆனால் மறுப்பு மதிக்கப்பட்டதேயன்றி, வினாவுக்கு விடை காணப்படவில்லை. உறவினர் இருவர் ஒரு பாயில் அமர்ந்து, நல்ல ஆண்டில் இவ்வளவு, வரட்சி ஆண்டில் இவ்வளவு, இழப்புக்கு இவ்வளவு என்று பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்றை, மின்சாரத்தை விழுங்கும் இயந்திரமொன்று பேசாமலே தீர்த்துவைத்தது. பேசாமல் தீர்த்த வழக்கு அடுத்த வரட்சியில் மீண்டும் எழும். கட்டின் மேல் நிற்பவனும் குழாயடியில் நிற்பவளும் இன்றும் ஒருவரையொருவர் ஐயத்தோடுதான் நோக்குகின்றனர்.

தாளையடியிலும் ஒரு சிற்றூர்ச் சமூகம் நீரருகே வாழ்கின்றது. அலையோரத்தில் வள்ளம் வைத்திருக்கும் மீனவர்கள், நிலையத்திலிருந்து கடலுக்குத் திரும்பும் செறிந்த உப்புநீர் மீன்வளத்தைக் கெடுக்குமென்று அஞ்சி, திட்டத்தின் ஆரம்பத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். இரணைமடுவின் கமக்காரருக்கு அமைப்புகள் இருந்தன, கூட்டங்கள் இருந்தன, மாகாண சபையிற் குரல் இருந்தது. கடலுக்குக் கட்டுமில்லை, வாய்க்காலுமில்லை, சிறுபோகக் கூட்டமுமில்லை. அங்கே நிலையம் கட்டி முடிக்கப்பட்டது.